சுத்திப் பாக்காத லேசர்

மொதல்ல வண்டியைக் குழி மேல ஏத்துங்க சார், பேச்சையெல்லாம் பெறகு வச்சுக்கிடுவோம். டெலஸ்கோப்பு விஷயமா வந்தேங்கீங்க, சரி. அது பின் சீட்டுல போர்வைக்குள்ளதான கெடக்கு, ஓடிராது. உங்க முன் டயரைக் குனிஞ்சு பாத்திருக்கீங்களா? உள்பக்கம் பூரா மழுங்கிக் கம்பி தெரியப் போகுது. ரெண்டு சக்கரமும் ஆளுக்கொரு திசையப் பாத்து ஓடுது. இதுல வாசுதேவநல்லூர்ல இருந்து சங்கரன்கோவில் வரைக்கும் வந்திருக்கீங்க, அதுவும் புள்ளைகளுக்குப் பாடம் நடத்துற ஆளு. கோவிச்சுக்கிடாதீங்க, நான் இப்படித்தான் பேசுவேன்.

மெதுவா. இடது ஒடிங்க. போதும். ஸ்டீயரிங்கை நேரா வச்சுட்டு எறங்கி வந்து அந்த ஸ்டூல்ல உக்காருங்க. கிரீஸ் இருக்கும், பேப்பரைப் போட்டுக்கோங்க.

யாரு அனுப்புனா உங்களை? ஜெபமணி வாத்தியாரா?

நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. எட்டு மாசமா இந்தக் கடை வாசல்ல வண்டியை நிறுத்தாத மனுசன், இன்னைக்கு எனக்கு ஆள் அனுப்பியிருக்காரு. என்ன சொல்லி அனுப்புனாரு? கழுகுமலை ரோட்டுல அலைன்மென்ட் கடை, அங்க போய்க் கேளுங்கன்னா? என் பேரைச் சொல்ல வாய் வரலை பாத்தீங்களா அவருக்கு. இருங்க, நீங்க என்ன சொல்ல வாறீங்கன்னு எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு ஆறு இஞ்சு டெலஸ்கோப்பு வந்திருக்கு, நிலாவைப் பாத்தாக் கலங்கித் தெரியுது, உள்ள இருக்க கண்ணாடியை நேர் பண்ண எந்த டூலு வாங்கலாம்னு கேக்கணும். அதானே? கேள்வி சரியான கேள்வி. கேக்க வேண்டிய ஆள்கிட்டதான் வந்திருக்கீங்க. இருபத்தாறு வருசமா நேர் பண்ணுறதுதான் எனக்குச் சோறு போடுது. போர்டுல பாத்திருப்பீங்களே, கொம்பையா வீல் அலைன்மென்ட்.

கிளாம்பு மாட்டுற வரைக்கும் பொறுங்க. நாலு சக்கரத்துக்கும் மாட்டணும். முன்னெல்லாம் ரெண்டு பேரு பாத்த வேலை. ஒரு ஆளு சக்கரத்தைச் சுத்தும், ஒரு ஆளு ஸ்க்ரீனைப் பாக்கும். இப்ப நான் ஒத்தை ஆளு. சுத்திட்டு ஓடி வந்து பாப்பேன், பாத்துட்டு ஓடிப் போய்ச் சுத்துவேன். ஒண்ணும் செரமம் இல்ல. நடக்குறது நல்லதுன்னு டாக்டரே சொல்லுதாரு. என்ன, முன்னால அரை மணி நேரத்துல முடிஞ்ச வண்டிக்கு இப்ப ஒண்ணே கால் மணி ஆகுது. பறக்குறவன் வேற கடைக்குப் போகட்டும்.

எதுக்குச் சுத்துதேன்னு பாக்கீங்களா? இதுக்குப் பேரு ரன்-அவுட். கிளாம்பு மாட்டும்போது ஒரு நூல் கோணலா உக்காந்திருக்கும். இல்லைன்னா உங்க ரிம்மே எங்கயாவது பள்ளத்துல எறங்கி நெளிஞ்சிருக்கும். அப்படியே அளவு எடுத்தா மிஷின் பொய் சொல்லும். சக்கரம் நேராத்தான் இருக்கும், கோணல்னு காட்டும். அதனால சக்கரத்தைச் சுத்திவிட்டு, எம்புட்டு ஆடுதுன்னு பாத்து, அதைக் கழிச்சுட்டுத்தான் அளவு எடுக்கணும். இதைச் செய்யாம அளவு எடுக்கிறவன் தொழில்காரனே கிடையாது. என் கடையில இது இல்லாம ஒரு வண்டி வெளிய போனதில்ல.

ஜெபமணி வாத்தியாரு கதைக்கு வாறேன். இந்த ஊர்ல விண்மீன் மன்றம்னு ஒண்ணு இருக்கு. அவருதான் தலைவரு. கெமிஸ்ட்ரி நடத்தி ரிட்டயர் ஆனவரு. போஸ்ட் மாஸ்டரு, நகைக்கடைக்காரரு, ரெண்டு மூணு வாத்திமாரு, இப்படிப் பதினாலு பேரு. அவரு வண்டிக்கு நான் அலைன்மென்ட் பாக்கும்போது ஒரு நாள் பேச்சு வந்துச்சு. ஊருக்குன்னு பெரிய டெலஸ்கோப்பு ஒண்ணு செய்யணும், எட்டு இஞ்சுல கண்ணாடி வாங்கியாச்சு, குழாயும் மத்ததும் செய்ய ஆளு இல்லைன்னாரு. நான் செய்யுதேன்னேன். நானா போய் விழுந்தது அது.

செஞ்சேன் சார். குழாயி நான். கீழ கண்ணாடி உக்காருற தட்டு நான். அதைச் சாய்க்க நிமித்த மூணு திருகு, மூணு ஸ்பிரிங்கு, லாக் நட்டு எல்லாம் நான். திருப்புற ஸ்டாண்டுக்குப் பழைய அம்பாசடர் பேரிங்கு. அது எங்க இப்ப நிக்கி தெரியுமா? வாத்தியாரு வீட்டு மாடியில. மேல நான் தச்சுக் கொடுத்த ரெக்ஸின் உறையைப் போட்டு மூடி வச்சிருக்காராம். கேள்விப்பட்டேன்.

உங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்லுதேன். கீழ ஒரு பெரிய கண்ணாடி, மேல சாய்ச்சு வச்ச ஒரு சின்னக் கண்ணாடி. வெளிச்சம் குழாய்க்குள்ள எறங்கிப் பெரிசுல பட்டு, திரும்பி மேல வந்து சின்னதுல பட்டு, பக்கவாட்டுல நம்ம கண்ணுக்கு வரும். ரெண்டு கண்ணாடியும் ஒண்ணையொண்ணு நேராப் பாக்கணும். கொஞ்சம் பிசகுனாலும் நட்சத்திரத்துக்கு வாலு முளைக்கும். தூக்கி வச்சு எறக்கி வச்சா ஒவ்வொரு தடவையும் பிசகும். அதனால நேர் பண்ண டூலு வேணும். அங்கதான் சண்டை ஆரம்பிச்சுது.

மன்றக் கூட்டத்துக்கு வாத்தியாரு என்ன கொண்டுவந்தாரு தெரியுமா? டப்பா. அந்தக் காலத்துல கேமராவுக்கு பிலிம் ரோலு வரும்லா, அந்தக் கறுப்பு டப்பா. அடியை வெட்டி எறிஞ்சுட்டு மூடி நடுவுல ஊசியைக் காய்ச்சி ஒரு ஓட்டை. அம்புட்டுதான். கண்ணு வைக்கிற இடத்துல அதைச் சொருகி, ஓட்டை வழியாப் பாக்கணுமாம். சின்னக் கண்ணாடிக்குள்ள பெரிய கண்ணாடி தெரியும், பெரிய கண்ணாடி நடுவுல ஒட்டின பேப்பர் வளையம் தெரியும், எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நடுவுல வந்து உக்காரணுமாம். குப்பையில கெடந்ததை எடுத்துக் கழுவி, இதுதான் டூலுன்னு மேசையில வைக்காரு. பதினாலு பேரும் வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கானுவ.

நான் எந்திரிச்சேன். லேசர் வாங்கணும்னேன். கண்ணு வைக்கிற இடத்துல லேசரைச் சொருகினா ஒரு செகப்புப் பொட்டு போய்ச் சின்னக் கண்ணாடியில பட்டு, பெரிய கண்ணாடி நடுவுல விழுந்து, திரும்பி வந்த வழியே வரும். பொறப்பட்ட எடத்துலயே வந்து விழுந்தா நேரு. விழலைன்னா கோணல். கண்ணைச் சுருக்கிக்கிட்டு ஓட்டைக்குள்ள தேட வேண்டியதில்ல. வாத்தியாரு மெதுவாத்தான் பேசுவாரு, அதான் எனக்கு எரிச்சல். 'கொம்பையா, லேசர் நல்லதுதான். ஆனா அந்த லேசரே நேரா இருக்கான்னு ஒருக்கா பாக்கணும். டப்பாவுல கெட்டுப்போக என்ன இருக்கு?'ன்னாரு.

நான் விடுவனா. 'சார்வாள், என் கடைக்கு வாற வண்டிக்கெல்லாம் மிஷினை விட்டுட்டு அந்தக் காலத்து மாதிரி நூல் கட்டி அளவு எடுக்கச் சொல்லுதீங்களா?'ன்னேன். எல்லாரும் சிரிச்சுட்டானுவ. போஸ்ட் மாஸ்டரு மேசையில தட்டிச் சிரிச்சாரு. கை தூக்கச் சொன்னாங்க, பதினோரு கை லேசருக்கு. வாத்தியாரு டப்பாவை எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. அந்த ஒரு நாள் சார், அந்த ஒரு நாள் நான் மன்றத்துல மனுசனா இருந்தேன். எட்டாங்கிளாஸ் படிச்சவன் சொல்லி பட்டம் வாங்குனவன் கேட்ட நாள் அது.

பொறுங்க, பின் சக்கரத்தைச் சுத்திட்டு வாறேன். நீங்க எந்திரிக்க வேண்டாம். உங்களுக்கு எம்புட்டு சுத்தணும்னு தெரியாது.

ம். வலது பின்னால ரிம்மு நெளிஞ்சிருக்கு. சொன்னேன்லா.

லேசர் பார்சல்ல வந்துச்சு. அலுமினியம், பளபளன்னு. வீட்ல வச்சே சொருகிப் பாத்தேன். பொட்டு பட்டுன்னு விழுந்துச்சு, மூணு திருகையும் திருக்கி அஞ்சு நிமிசத்துல நேர் பண்ணிட்டேன். எங்க வீட்டம்மா பக்கத்துல நின்னா. அவதான் அப்பல்லாம் கடையில சக்கரம் சுத்துறது. பதினெட்டு வருசம் சுத்துனா. நின்னு பாத்துட்டு, 'அதை ஒரு சுத்து சுத்திப் பாத்தீங்களா?'ன்னு கேட்டா. அடுப்புல சோறு கொதிக்கு, அதைப் போய்ப் பாருன்னு சொன்னேன். போயிட்டா. அதோட விட வேண்டியதுதானே சார்? ஒரு பொம்பளைக்கு ஒரு தடவை பதில் சொன்னாப் போதாதா?

மறுநாள் ஊருக்கு டெலஸ்கோப்பு காட்டுற நாள். பள்ளிக்கூட மைதானத்துல, சாயங்காலம் ஆறரைக்கு. சனிக்கிரகத்தோட வளையம் காட்டப்படும்னு நோட்டீசு அடிச்சு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டியாச்சு. கூட்டம்னா கூட்டம். கோயிலுக்கு வந்தவனெல்லாம் இங்க வந்துட்டான். ஒரு பெரியவரு என்னத் தனியாக் கூப்பிட்டு, 'சனிக்கு நேரா நிக்கக்கூடாதும்பாங்களே அய்யா, இதுல பாக்கலாமா?'ன்னு கேட்டாரு. 'நேரா நிக்கலை பாட்டையா, குழாய்க்குப் பக்கவாட்டுல இருந்துதான பாக்கப் போறோம், தோசம் இல்ல'ன்னேன். நிம்மதியா வரிசையில போய் நின்னுக்கிட்டாரு. எனக்கு இதெல்லாம் வரும் சார். வாத்தியாருக்கு இப்படிப் பேச வருமா?

நான் என் ஆளுகளையும் கூப்பிட்டிருந்தேன். அதைச் சொல்லணும். இந்த ரோட்டுல இருக்க மெக்கானிக்கு அத்தனை பேரு, டிங்கர் பாக்குறவன், டயர் கடைக்காரன், புளியங்குடியில புதுசா அலைன்மென்ட் கடை போட்டிருக்கானே ஒருத்தன், அவனையும். கொம்பையா என்ன செஞ்சிருக்கான்னு வந்து பாக்கட்டும்னு கூப்பிட்டேன். தப்பா?

எல்லாரும் பாக்க லேசரை வச்சு நேர் பண்ணுனேன். பொட்டு நடுவுல வந்து உக்காந்துச்சு. லாக் நட்டை இறுக்குனேன். வாங்கன்னேன். மொதல்ல பாத்தது நகைக்கடைக்காரரு. கண்ணைக் கசக்கிக்கிட்டு நகந்துட்டாரு. அடுத்து போஸ்ட் மாஸ்டரு. 'வளையம் எங்க வே இருக்கு?'ன்னாரு. நான் பாத்தேன். கொழுக்கட்டை சார். ஒரு பக்கம் மாவு வழிஞ்ச கொழுக்கட்டை. வளையமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சரி, தூக்கிட்டு வந்ததுல ஆடிருக்கும்னு மறுபடியும் லேசரைப் போட்டேன். பொட்டு நடுவுலதான் நிக்கி. ஒரு மயிரிழை பிசகலை. திரும்பப் பாத்தா அதே கொழுக்கட்டை. வரிசையில நிக்கிறவன் முணுமுணுக்கான். ஒரு புள்ளை 'எனக்கு ஒண்ணும் தெரியலையே'ன்னு அழுவுது. புளியங்குடிக்காரன் கையைக் கட்டிக்கிட்டு நிக்கான். வாத்தியாரு ஓரமா நிக்காரு, பையில டப்பா புடைச்சுக்கிட்டு இருக்கு, ஒரு வார்த்தை பேசலை. அவரு பேசியிருந்தாக்கூட நான் தாங்கியிருப்பேன்.

அப்பதான் எங்க வீட்டம்மா முன்னால வந்தா. அதுவரைக்கும் டார்ச்சு பிடிச்சுக்கிட்டு என் பக்கத்துலதான் நின்னா. கையை நீட்டி, சொருகி இருந்த லேசரைப் பிடிச்சு, சக்கரத்தைச் சுத்துற மாதிரி ஒரு சுத்து சுத்துனா. பெரிய கண்ணாடியில அந்தப் பொட்டு நின்ன இடத்துல நிக்காம வட்டம் போட்டுச்சு. ஒரு ரூவா அகலத்துக்கு வட்டம். லேசரே கோணல் சார். உள்ள இருக்க விளக்கு கோணலா உக்காந்திருக்கு. கோணல் லேசரை வச்சு நான் கண்ணாடியைக் கோணலாக்கியிருக்கேன். அவ என்னப் பாத்து, 'ஏங்க, ரன்-அவுட் பாக்கலையா நீங்க?'ன்னு கேட்டா.

சத்தமாக் கேக்கலை. கடையில கேக்கிற மாதிரி சாதாரணமாத்தான் கேட்டா. ஆனா எல்லாருக்கும் கேட்டுச்சு. என் ஆளுக அத்தனை பேருக்கும் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியும். மொதல்ல டயர் கடைக்காரன் சிரிச்சான். பெறகு எல்லாரும். புளியங்குடிக்காரன் சிரிக்கவே இல்ல, தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அது எனக்கு அதை விட மோசமா இருந்துச்சு.

நீங்க சொல்லுங்க சார். காதோட சொல்லியிருக்கலாமா, கூடாதா? என் சட்டையைப் பிடிச்சு இழுத்து ஓரமாக் கூட்டிட்டுப் போயிருக்கலாமா, கூடாதா? முந்தின நாளே சொன்னாளேன்னு நீங்க கேப்பீங்க. அவளும் மகன்கிட்ட அதைத்தான் சொல்லியிருக்கா. முந்தின நாள் சொன்னா நான் கேக்கலை, சரி. கேக்காதவன்கிட்ட எதுக்கு மறுபடியும் சொல்லணும்?

பெறகு என்ன, வாத்தியாரு டப்பாவை எடுத்தாரு. அவரு ஓட்டையில கண்ணை வச்சுக்கிட்டு மேல நின்னாரு. குழாயி நீளம், மேல கண்ணை வச்சவன் கை கீழத் திருகுக்கு எட்டாது. ரெண்டு ஆளு வேணும். இவ போய்க் கீழ உக்காந்து திருகைப் பிடிச்சா. அவரு சொல்லச் சொல்ல இவ திருக்குனா. பத்து நிமிசம். வளையம் சும்மா கத்தி மாதிரி தெரிஞ்சுச்சாம். நான் பாக்கலை. ஜனம் கை தட்டுற சத்தம் கேக்கும்போது நான் ஸ்கூட்டரைக் கிளப்பிட்டேன். அவளை அங்கயே விட்டுட்டு வந்துட்டேன். ஒன்பது மணிக்கு வாத்தியாரு சம்சாரத்தோட ஆட்டோவுல வந்து எறங்குனா. நான் லைட்டை அணைச்சுட்டுப் படுத்துட்டேன்.

அன்னையில இருந்து பேச்சில்ல. எட்டு மாசம். வீடு இந்தா பின்னாலதான், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். மகன் ஓசூர்ல வேலை பாக்கான். கேஸ் தீந்துபோச்சுன்னு நான் அவனுக்குப் போன் போடுவேன், அவன் அங்க இருந்து அவளுக்குப் போடுவான். அந்தப் போனு அடிக்கிற சத்தம் எனக்கு இங்கன கேக்கும். நல்லாத்தான் ஓடிக்கிட்டிருக்கு. ஒரு கொறையும் இல்ல.

கடைக்கு வராதேன்னு நான் சொல்லலை, அதைத் தெளிவாச் சொல்லிடுதேன். மறுநாள் காலையில வழக்கம்போல வந்தா. அந்தா அந்தத் தூணுகிட்ட நின்னா. நான் ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டு இருந்தேன். நிமிந்து பாக்கலை. கொஞ்ச நேரம் நின்னா, போயிட்டா. வேலை பாக்கணும்னு நெனப்பு இருக்கவ, கூப்பிட்டாத்தான் வருவாளா? பதினெட்டு வருசமா நானா தெனமும் பாக்கு வெத்தல வச்சுக் கூப்பிட்டேன்? பெறகு மன்றத்துக்குப் போக ஆரம்பிச்சுட்டா. ரெண்டாவது சனிக்கிழமை தவறாமப் போறா. அங்க இவளுக்கு என்ன வேலை இருக்கப் போகுது, டார்ச்சு பிடிப்பா.

போகட்டும், அதை விடுங்க. உங்க விஷயத்துக்கு வாங்க. சக்கரத்தைத் திருப்புற இந்த டை ராடு கம்பியை முறுக்கிக்கிட்டே சொல்லுதேன், நீங்க எழுதிக்கோங்க. லேசர்தான் வாங்கணும். டப்பா எல்லாம் வேண்டாம், இப்ப பிலிம் ரோலும் கிடையாது, டப்பாவும் கிடைக்காது. லேசர் வந்ததும் மொத வேலையா அதைச் சொருகி ஒரு சுத்து சுத்திப் பாக்கணும். பொட்டு நின்ன இடத்துல நின்னா நல்ல சரக்கு. வட்டம் போட்டா லேசரே கோணல். இது எந்தப் புஸ்தகத்துலயும் இருக்காது, நான் அனுபவத்துல கண்டுபிடிச்சது. கோணலா இருந்தாத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு பலகையில நாலு ஆணி அடிச்சு அதுல படுக்க வச்சு, எதிர்ச் சுவத்துல பொட்டை விழ வச்சு உருட்டணும். லேசரோட உடம்புல மூணு குட்டித் திருகு இருக்கும். பொட்டு ஆடாம நிக்கிற வரைக்கும் அதைத் திருக்கணும். என் லேசரை அப்படித்தான் சரி பண்ணி வச்சிருக்கேன். இந்தா இந்த டிராயர்ல இருக்கு. இப்ப இந்த ஜில்லாவுல அதைவிட நேரான லேசர் கிடையாது. ஒரு பய கேக்கலை.

ஏன் எழுத மாட்டேங்கீங்க?

என்ன? நல்லா சத்தமாச் சொல்லுங்க, மிஷின் ஓடுது.

என்னப் பாக்க வரலையா? பெறகு யாரைப் பாக்க வந்தீங்க?

வாத்தியாரு சீட்டு எழுதிக் கொடுத்தாரா. அதை வந்த உடனே காட்ட வேண்டியதுதானே சார். நான் எங்க காட்ட விட்டேங்கீங்க. குடுங்க, கண்ணாடியை மாட்டிக்கிடுதேன். அவரு கையெழுத்துதான். முத்து முத்தா எழுதுவாரு. 'கண்ணாடி நேர் பண்ணுபவர்: ஆவுடைத்தங்கம்.' கீழ, 'கொம்பையா வீல் அலைன்மென்ட், கழுகுமலை ரோடு.'

என் பேரும் இருக்கு. இருக்கு, இல்லைன்னு சொல்ல முடியாது. விலாசமா இருக்கு.

ஆவுடைத்தங்கம் என் சம்சாரம்தான்.

வேற யாருக்கும் செஞ்சு கொடுத்திருக்காளா? புளியங்குடி பள்ளிக்கூடத்துக்கா? அதுவும் இவதானா? கடையநல்லூர்ல ஒண்ணா? எப்ப? ரெண்டாவது சனிக்கிழமை. ஓ. புளியங்குடிக்காரன்தான் கூட நின்னு திருகு திருக்குனானா? கடை போட்டிருக்கானே, அவனா?

எனக்குத் தெரியாது சார். எனக்கு எப்படித் தெரியும். கேஸ் தீந்ததுதான் மகன் சொல்லுவான்.

உங்க வண்டி முடிஞ்சுது. ஸ்டீயரிங்கு இப்ப இழுக்காது. ஆளு உள்ளதான் இருக்கா, போய்க் கூப்பிட்டுக்கோங்க. நான் கூப்பிட மாட்டேன். எட்டு மாசமாக் கூப்பிடலை. அந்தா அந்த நீலக் கதவு. அம்மான்னு கூப்பிடுங்க, வருவா.

வந்துட்டா. பாருங்க, நீங்க வந்திருக்கது முன்னாலயே தெரிஞ்சிருக்கு. வாத்தியாரு போன் போட்டிருப்பாரு. நான் இங்க நின்னு ஒரு மணி நேரமாப் பேசினது பூரா சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். கேக்கட்டும்.

குழாயை இந்த பெஞ்சு மேல வைங்க. அது மேல ஆயில் கிடையாது, நான் துடைச்சதுதான். டப்பாவைக் கையோட கொண்டுவந்திருக்கா பாருங்க. என்ன சொல்லுதா? பின்னால போய்த் திருகைப் பிடிக்கச் சொல்லுதா, உங்களைத்தான், போங்க. எனக்கு இதுல ஒண்ணும் இல்ல. நான் ஸ்பேனரைத் துடைச்சுக்கிட்டு நிக்கேன்.

சார், நீங்க பிடிச்சிருக்கது லாக் நட்டு. அதை மொதல்ல தளத்தணும். அது இல்ல, பக்கத்துல. அய்யோ, மூணையும் ஒண்ணா இறுக்காதீங்க, கண்ணாடி தெறிச்சிரும். அவ இடதுங்கா, நீங்க வலதுல கையை வைக்கீங்க. அவ மேல இருந்து பாக்கும்போது அவளுக்கு எல்லாம் தலைகீழாத் தெரியும், நீங்கதான் மாத்திப் புரிஞ்சுக்கிடணும். பாடம் நடத்துற ஆளுக்கு இது புரியலையா? அவ நாலு தடவை சொல்லிட்டா. கோவிக்கமாட்டா, பொறுமையாத்தான் சொல்லுவா, அதுக்காக நாள் பூராச் சொல்லணுமா?

குடுங்க அந்தத் திருகு சாவியை. எந்திரிங்க.

இதை வேற மாதிரி நெனச்சுக்கிடாதீங்க. உங்க கண்ணாடி உடையக் கூடாதேன்னுதான். நீங்க குழாய்க்கு நடுவுல நில்லுங்க. அவ சொல்லுறதை எனக்குச் சொல்லணும், நான் கேக்கிறதை அவகிட்டக் கேக்கணும். மகன் செய்யுதான்லா, அப்படி. ம், கீழ்த் திருகு. எனக்குக் கேட்டுச்சு. உள்பக்கமா. சரி. எம்புட்டுன்னு கேளுங்க.

கேளுங்க சார். அவ கண்ணை எடுக்க மாட்டா, பதில் சொல்லுறதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கா, தெரியலையா உங்களுக்கு? என்னத்துக்கு எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாக்கீங்க? ஒரு வார்த்தை கேக்கிறதுக்கு என்ன சார் கஷ்டம்?

தள்ளி நில்லுங்க.

ஆவுடை. கால் சுத்தா, அரைச் சுத்தா?